மூன்றடைப்பு ரோட்டில் நான் கொட்டிய பெட்ரோல்

முதல் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், சித்திரை மாதம். களக்காட்டில் ஒரு பண்ணையார் வீட்டில் மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அந்தச் சுற்று வட்டாரத்தில் மோட்டார் என்று இருந்ததே எங்கள் பண்ணையாருடையது ஒன்றுதான். அதனால் எனக்கு ஏறியிருந்த தலைக்கனத்தைச் சொல்லி மாளாது. யாராவது வண்டியைப் பற்றிக் கேட்டால், கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். எனக்குத் தெரியாது என்று அந்த வருஷம் முழுக்க ஒரு தடவைகூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்தக் காலத்து வண்டியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெட்ரோல் தொட்டி வண்டிக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும். எஞ்சின் முன்னால் இருக்கும். பெட்ரோல் தானாக மேலே ஏறாது. ஓட்டுகிறவன் பக்கத்தில் ஒரு கைப்பம்பு உண்டு. அதை இருபது தடவை அடித்தால் தொட்டிக்குள் காற்று அடைபட்டு, பெட்ரோலைக் குழாய் வழியாக முன்னால் தள்ளும். நாலைந்து மைலுக்கு ஒருமுறை மறுபடியும் அடிக்க வேண்டும். காற்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட ஒரு முள்ளும் இருந்தது. எங்கள் வண்டியில் அது வாங்கின வருஷமே அசையாமல் நின்றுவிட்டது. முள்ளைப் பார்த்து ஓட்டுகிறவன் கற்றுக்குட்டி என்று நானும் அதைச் சரி செய்யவில்லை.

பம்புக்குள் காற்றைப் பிடித்து நிறுத்துவது ஒரு ரூபாய்க் காசு அகலமுள்ள தோல். சென்னைப் பட்டணத்தில் எனக்கு மூன்று மாதம் வண்டி பழக்கிய மேஸ்திரி, மாற்றுத் தோல் இரண்டும் ஒரு டப்பா கொழுப்பும் கொடுத்து, மாதம் ஒருமுறை தோலில் தடவு என்று சொல்லி அனுப்பினார். எங்கள் வீடும் சைவம், பண்ணையார் வீடும் சைவம். கொழுப்பு டப்பாவை ஊர் எல்லையிலேயே ஓடையில் எறிந்துவிட்டுத் தலை முழுகினேன். மாற்றுத் தோலைத் தொட மனமில்லாமல் வண்டிக் கொட்டகையில் ஒரு மூலையில் செருகி வைத்தேன். எலி தின்றுவிட்டது.

பம்பில் இருந்த தோலுக்கு நல்லெண்ணெய் விட்டேன். அது வெயிலில் பிசினாகி, தோல் அப்பளம் மாதிரி விறைத்து, ஒருநாள் நொறுங்கியது. நான் அசரவில்லை. பழைய வேட்டியை நாலாக மடித்து, வட்டமாக வெட்டி, மெழுகு தடவிய நூலால் தைத்துப் பம்புக்குள் போட்டேன். வேலை செய்தது! வெள்ளைக்காரனுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று வாரக்கணக்கில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இருபது அடி அடித்தால் போதும் என்றிருந்தது நாற்பதாயிற்று, பிறகு அறுபதாயிற்று. அதைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பண்ணை வீட்டுத் தவசிப்பிள்ளைக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். அந்த வீட்டுச் சமையல் முழுக்க அவர் கையில்தான். நான் அவரை அண்ணாச்சி என்றும், அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடுவேன். நான் வெளியூர் போய் எத்தனை மணிக்குத் திரும்பினாலும் எனக்கென்று ஒரு பங்கு குழம்பு எடுத்து வைத்திருப்பார். கூடவே நாலு கேலியும் வைத்திருப்பார். அவருக்கு வெகுநாளாக அடிவயிற்று ஓரத்தில் குடல் இறங்கி வீங்கும் வியாதி இருந்தது. மல்லாந்து படுத்து அமுக்கினால் உள்ளே போய்விடும், எழுந்து அடுப்பைப் பார்ப்பார்.

அன்றைக்கு விடியற்காலையில் ஒரு பெரிய வெண்கல உருளியை ஒண்டியாகத் தூக்கியிருக்கிறார். இறங்கின குடல் திரும்பவில்லை. வாந்தி நிற்கவில்லை. உள்ளூர் வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, குடல் சிக்கிக்கொண்டது, இது மருந்துக்கு அடங்காது, கத்தி வைக்கிற டாக்டரிடம் மத்தியானத்துக்குள் கொண்டுபோனால் உண்டு, இல்லையானால் இல்லை என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார். டாக்டர் இருந்தது பாளையங்கோட்டையில். பண்ணையார் ஊரில் இல்லை. மாட்டு வண்டியில் போனால் பொழுது அடைந்துவிடும். நான் இருக்கிறேனே, இரண்டரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன் என்று மார்தட்டினேன்.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். பின் ஆசனத்தில் அண்ணாச்சி மதினியின் மடியில் தலை வைத்துச் சுருண்டிருந்தார். அந்த வலியிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏலே, பைய போ. உருளி தூக்கிப் பிழைச்சவன் உன் வண்டி குலுக்கிச் செத்தான்னு பேராயிரப் போவுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

நாங்குநேரி தாண்டி ஒரு சின்ன மேட்டில் எஞ்சின் இருமியது. பம்பை அடித்தேன். கொஞ்சம் ஓடியது. அடுத்த மேட்டில் மறுபடியும் இருமி நின்றது. பம்பை நூறு தடவை அடித்து, இறங்கி, வண்டிக்கு முன்னால் எஞ்சின் கைப்பிடியைச் சுழற்றி, ஏறி, கால் மைல் ஓட்டினேன். சமதரையில் ஓடும், ஏற்றம் வந்தால் மூச்சு முட்டும். இப்படியே மூன்றடைப்பு வரைக்கும் நொண்டிக்கொண்டு வந்தோம். அதற்குள் பத்தரை மணி ஆகிவிட்டது. சட்டை முழுக்க வேர்வை. பின்னால் அண்ணாச்சியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. "வண்டி ஏன் நிக்கி?" என்று மதினி கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. அந்த மாதம் பெட்ரோலை ஒரு புதுக் கடையில் வாங்கியிருந்தேன். திருநெல்வேலியில் தகரம் தகரமாக இறக்கி விற்கிற வியாபாரி. ஒரு தகரத்தின் முத்திரை லேசாகக் கோணலாக இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. போதாதா? பாவி மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். கத்தினதோடு விட்டேனா? ஒரு காகிதத்தைப் பெட்ரோலில் நனைத்துக் காயவைத்தால், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். அது எனக்குத் தெரியும். அதற்குக்கூடப் பொறுமை இல்லை. தொட்டியின் அடித்திருகைக் கழற்றி, இருந்த பெட்ரோல் முழுவதையும் ரோட்டில் விட்டேன். சூடான மண் அதைக் குடித்துவிட்டது. பழைய கடையில் வாங்கின நல்ல பெட்ரோல் அரைத் தகரம் பின்னால் கட்டியிருந்தது. அடித்திருகை மறுபடி மாட்டி, அதை ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டுப் பம்பை அடித்தேன்.

வண்டி அசையவில்லை. அதுவரைக்கும் தொட்டியில் ஏதோ கொஞ்சம் காற்றாவது தேங்கியிருந்தது. திருகைக் கழற்றினபோது அதுவும் போய்விட்டது. இருநூறு அடித்தேன், முந்நூறு அடித்தேன். பம்பு வழுக்கிக்கொண்டு போய் வந்தது. தோளில் உயிர் இல்லை. அப்போதுதான் பம்பைக் கழற்றிப் பார்த்தேன். என் வேட்டித் துணி நைந்து, திரி மாதிரி கையோடு வந்தது.

ரோட்டுக்குச் சற்றுத் தள்ளி, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற ஒரு கமலைக் கிணறு இருந்தது. தண்ணீர் மொள்ளும் சாலின் தோல் வாலைக் கழற்றிப் போட்டு ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார். என் கூச்சலைக் கேட்டு எழுந்து வந்து, வழக்கப்படி பத்தடி தள்ளியே நின்றார். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன். என் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "இது காத்து அடிக்கிற சாமானுல்லா சாமி? துணியில காத்து நிக்காது. கொல்லனுக்குத் துருத்தி தைக்கிறவன் நான், தோலு வேணும்" என்றார்.

ஓடிப்போய்ப் பதமான தோலில் ஒரு வட்டம் வெட்டி ஊறப்போட்டார். ஊறுவதற்கு அரை மணி ஆயிற்று. அந்த அரை மணியில் நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சும்மா இருக்க முடியாமல், வைத்தியர் கொடுத்த பொடி மடித்திருந்த காகிதத்தைக் கிழித்து, முன்னால் எஞ்சின் குழாயில் தேங்கி நின்ற பழைய பெட்ரோல் சொட்டில் நனைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறை இல்லை. அருமையான பெட்ரோல். காகிதத்தைக் கசக்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டு, மதினி பார்த்தாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் அண்ணாச்சியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தோலைக் குழித்து, ஆட்டுக்கொழுப்புத் தடவி, ஒரு இலையில் வைத்துத் தரையில் வைத்துவிட்டு அவர் பின்வாங்கினார். நான் எடுக்கத் தயங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் தயங்கினேன். அண்ணாச்சிதான் கண்ணைத் திறக்காமலே, "லே, நான் சாகக் கிடக்கேன், நீ தீட்டுப் பார்த்துக்கிட்டு நிக்கியா? அந்த ஆளைக் கிட்ட வரச் சொல்லு" என்றார். ஒரு ஆள் தோலின் விளிம்பை மடக்க வேண்டும், இன்னொரு ஆள் பம்புத் தண்டை உள்ளே இறக்க வேண்டும். அவர் விரலும் என் விரலும் கொழுப்பில் வழுக்கின. மாட்டினோம். இருபதே அடியில் பம்பு கல்லாக இறுகியது. முதல் சுழற்றலில் எஞ்சின் பிடித்தது.

அங்கிருந்து வண்டி பறந்தது. பாளையங்கோட்டைக்கு இரண்டு மைல் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்தது. நான் ரோட்டில் விட்ட பெட்ரோல் இருந்திருந்தால் போய்த் திரும்பியும் மிஞ்சியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்து, வைக்கோல் ஏற்றி வந்த ஒரு மாட்டு வண்டிக்காரரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வைக்கோலை இறக்கி, அண்ணாச்சியை ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது மணி மூன்று.

டாக்டர் உடனே கத்தி வைத்தார். வெளியே வந்து, குடல் கறுத்துப் போயிருக்கிறது, இரண்டு மூன்று மணி நேரம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்றார். மதினி என்னைப் பார்த்தாள். பெட்ரோலில் கலப்படம், அதுதான் பம்பையும் கெடுத்துவிட்டது என்று சொன்னேன். நாக்கு குளறவில்லை. யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. மோட்டார் சங்கதியில் நான் சொன்னதுதானே வேதம்.

மறுநாள் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "அந்தக் கலப்படக்காரனைச் சும்மா விட்டுராத லே" என்றார். சரி அண்ணாச்சி என்றேன். அதற்கு அடுத்த நாள் காலையில் போய்விட்டார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் ஏசியிருப்பார், ஏசிவிட்டு மன்னித்திருப்பார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

தாமிரபரணியில் அஸ்தி கரைத்துவிட்டு வந்த அன்று நான்தான் வண்டி ஓட்டினேன். அந்தப் பெட்ரோல் கடைத் தெரு வழியாகப் போகச் சொன்னாள் மதினி. கடைக்கு எதிரில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். குனிந்து தெருமண்ணை இரண்டு கையாலும் வாரி, கடை வாசலைப் பார்த்துத் தூற்றினாள். உன் குலம் விளங்காது என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. வியாபாரி வெளியே ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவர் தலையிலும் மீசையிலும் மண். "தாயி, என் பிள்ளைக மேல சத்தியமா ஒரு சொட்டு கலக்கல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, வண்டி ஓட்டுதவரு நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் குனிந்து பம்பை அடிக்க ஆரம்பித்தேன். தொட்டியில் அன்றைக்கு இருந்தது அவர் கடைப் பெட்ரோல்தான். கொட்டகையில் மீந்திருந்த தகரங்களிலிருந்து ஊற்றி வந்தது; அவர் கடைத் தகரம் ஒன்று வண்டிக்குப் பின்னால் அவர் பார்க்கும்படி கட்டியும் இருந்தது. இறங்கிப் போய்க் கைப்பிடியைச் சுழற்றினேன். எஞ்சின் அவர் கண் முன்னாலேயே ஒரு சுற்றில், ஒரு இருமல்கூட இல்லாமல் பிடித்தது. அவருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்திருக்கும். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தவர், அழுதுகொண்டிருந்த மதினியைப் பார்த்துவிட்டு மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு அந்தக் கடையில் யாரும் வாங்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மதினியும் காலமாகி வெகுநாள் ஆயிற்று. கடைசிவரை அவள் அந்த வியாபாரியைத்தான் சபித்தாள். பெட்ரோலைக் கொட்டினது அவசரத்தில் செய்த பிழை, அதை யாராவது மன்னிக்கலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி என்று தலையெல்லாம் மண்ணோடு நின்று கேட்ட மனிதருக்குச் சொல்ல வேண்டிய பதிலை, இத்தனை வருஷம் கழித்து, முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.