கேட்டுக்குள் கன்னிமார்

மூலக்குளத்துப் பலராமனுக்கு ஆடி மாதம் வந்தால் ஒரே கவலைதான். குலதெய்வமான ஏழு கன்னிமாருக்குக் கூழ் ஊற்றியாக வேண்டும். ஆனால் அந்த ஏழு கற்களும் இப்போது ஒரு சுற்றுச்சுவருக்குள் இருந்தன. அப்பா விற்ற நிலத்தில் நகர் எழும்பி, கேட் போட்டு, குடியிருப்போர் சங்கமும் வைத்துவிட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் கேட்டிலிருக்கும் நோட்டில் ‘வெளியாள்’ என்ற தலைப்பின் கீழ்க் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பலராமன் உள்ளே போவார். கடற்கரைப் பக்கத்து விடுதியில் முப்பது வருடமாகப் படுக்கை விரிப்பவருக்கு ரோஷம் எங்கிருந்து வரும்?

வந்தது ஒரு வேல்ஸ் நாட்டு அம்மாவால். விடுதியில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற டீச்சர். இங்கிலீஷ்காரம்மா என்று பலராமன் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. காபியை ஆறவிட்டுக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். வேல்ஸ்காரர்களை வெல்ஷ் என்பது இங்கிலீஷ்காரர்கள் வைத்த பேராம். அவர்களுடைய பழைய பேச்சில் அந்நியர் என்று பொருளாம். அந்த மண்ணில் முன்பே இருந்தவர்கள் இவர்கள், பின்னால் வந்தவர்கள் அவர்கள். இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது கம்ரி என்று. ஒரே மண்ணுக்காரர்கள் என்று அர்த்தமாம்.

அன்று முழுக்கப் பலராமனுக்குக் கை வேலையில் ஓடவில்லை. வந்தவன் இருந்தவனுக்குப் பேர் வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது.

ஆடி ஞாயிறன்று கூழ்ப் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டில் ஏற்றிய பானையைக் கற்களின் முன்னால்தான் இறக்க வேண்டும் என்பது குடும்ப வழக்கம். கேட்டில் காவலுக்கு நின்றவன் சித்தப்பா மகன் இராமதாஸ். சின்ன வயதில் அவனும் இதே கற்களுக்குக் கூழ் சுமந்தவன்தான். உள்ளே குடியிருப்பவர் யாராவது போனில் சரி சொன்னால்தான் வெளியாளை விடலாம் என்று சங்கம் இந்த வருடம் புதிதாகச் சட்டம் போட்டிருப்பதை, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“யாரப் பாக்க வந்தீங்கன்னு எழுதட்டும்ணே?”

“கன்னிமார்னு எழுதுடா.”

“போன் நம்பர் கேப்பாங்களே.”

வெயில் ஏறியது. பானைக்குக் கீழே கழுத்து நடுங்கத் தொடங்கியது. திரும்பிப் போகவும் முடியாது, இறக்கி வைக்கவும் முடியாது.

“நீயும் நானும் ஒரே மண்ணுக்காரங்கடா,” என்றார் கடைசியில்.

இராமதாஸ் எதையும் எழுதாமல் நோட்டை மூடினான். தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். கேட்டை அகலத் திறந்துவிட்டு, பானையை அண்ணன் தலையிலிருந்து தன் தலைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மறுநாளே சங்கம் வேறு ஆளைக் காவலுக்குப் போட்டது. அடுத்த ஆடிக்கு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டிய வெளியாட்கள் இரண்டு பேர்.