சைக்கிளுக்கு வைத்த எண்ணெய்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். வசனம் கோணலாக இருக்கும், சிலது மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் லண்டன் மனோர் பார்க்கில் இருந்து தையல் வேலைக்கு, குனிந்து ஓடும் பழைய ரேஸ் சைக்கிளில்தான் குளிர்காலத்திலும் போவேன். உறைபனி விழுந்த ஒரு காலை பெடல் சும்மா சுற்றியது, பின்சக்கரச் சில்லு அசையவில்லை. இன்னொருமுறை பிந்தினால் வேலை போய்விடும்.

"நேற்று இதுக்கு என்ன விட்டனீர்?" என்று கணவர் கேட்டார்.

"தேங்காயெண்ணெய்தான்," என்றேன். சங்கிலியிலும் பின்சில்லுப் பல்லிலும் அது வெள்ளையாக உறைந்திருந்தது.

"எண்ணெய் வச்சனீர், தலை பின்னிவிடேல்லையோ?" என்று சிரித்தபடி, கேத்திலில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். சில்லு பிடித்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் எனக்கும் சிரிப்பு. அந்தப் பல்லுச் சாமானுக்குச் சரியான பெயர் என்ன, அதற்குச் சுடுதண்ணீர் விடலாமா என்பதை விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள்.