மாமனார் விட்ட காபி

பத்திரிகைத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என் மாமனார். நாத்தனார் கல்யாண சமயம். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால், பொள்ளாச்சிப் பக்கத்துச் சொந்தங்களுக்கெல்லாம் அவரை அழைத்துப்போவது மருமகளான என் தலையில் விழுந்தது. பத்திரிகை வைக்கப் போன வீட்டில் காபி குடிக்காமல் எழ முடியாது. எங்கள் ஊரில் 'வேண்டாமுங்க' என்றால் இன்னொரு முறை கேளுங்கள் என்று பொருள். மூன்றாவது முறையும் மறுத்தால் பழைய பங்காளிச் சண்டையைக் கிளறிவிடுவார்கள். ஆகவே மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை, வீட்டுக்கு ஒரு டம்ளர் உள்ளே போயிற்று.

இரண்டே வாரத்தில் அவர் தூக்கம் போயே போய்விட்டது. எழுபது வயதானால் இப்படித்தான் என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது மேடையிலேயே தூங்கி விழுந்துவிடுவோமோ என்பதுதான் அவருடைய பயமெல்லாம். கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காபி எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார்.

"ஊட்டுல காலைல ஒரு டம்ளர்தானுங்க."

பொய்யில்லை. பொய் சொல்ல வராத மனிதர் அவர். டாக்டர் தூக்க மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரார் வீட்டுக் கணக்கைப் போட்டு உடைத்தேன். வயதான உடம்பில் காபியின் வேகம் சீக்கிரம் இறங்காது, மதியத்துக்கு மேல் தொடவே கூடாது என்று சொல்லி, மாத்திரை இல்லாமலே அனுப்பிவிட்டார்.

சொல்லிவிட்டார், சரி. பத்திரிகை வைக்கப் போன இடத்தில் யார் விடுகிறார்கள்? மாமாவுக்குச் சர்க்கரை என்றேன். சர்க்கரை போடாமல் கொண்டுவந்தார்கள். அடுத்த வீட்டில் துணிந்து, "மாசாணியம்மனுக்கு வேண்டிக்கிட்டு மாமா காபியையே விட்டுட்டாங்க" என்றேன். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு டம்ளரை உள்ளே எடுத்துப்போனார். அதன் பிறகு எல்லா வீட்டிலும் அதுவே பாட்டு.

நாலைந்து நாளில் தூக்கம் திரும்பியது. முகூர்த்தத்தில் மாப்பிள்ளைதான் கொட்டாவி விட்டார். மாமனார் பளிச்சென்று நின்றார். மறுநாள் விடிந்ததும் மாமியார் ஆசையாகக் காபி நீட்டினார். அவர் வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"இல்லாத வேண்டுதலச் சொல்லிப்போட்டோம் கண்ணு. இனி நெசமாவே விட்டுப்போடறதுதான் சரி."

சாகும்வரை தொடவில்லை. படுத்தால் சுகமாகத் தூங்கினார். ஆனால் காலையில் டிகாக்‌ஷன் வாசனை வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

இப்போது என் மகனுக்குக் கல்யாணம். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது, தூக்கம் கெட்டு ஒரு வாரமாகிறது. நேற்றுச் சாயங்காலம் ஐந்தாவது வீட்டில் காபியை நீட்டியபோது அம்மன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆயுசுக்கும் விட வேண்டுமே என்று நினைத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டேன்.