காகு வீட்டுச் சீரியல்

பத்து நாள் வெளியூர் வேலை முடிந்து அப்பா வீடு திரும்பிய அன்று கதவைத் திறந்தது தம்பி. அவன் கண் கையிலிருந்த டேப்லெட்டை விட்டு அகலவில்லை. எதிரே ஒரு ஜோடி ஷூவும் ஒரு பெட்டியும் நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தவன், "அம்மா, கூரியர்!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, போய்ப் பழையபடி உட்கார்ந்துகொண்டான். சோபாவில் கிடந்த நானும் நிமிரவில்லை. அம்மாவின் போனில் விளையாட்டில் என் ரயில் அப்போதுதான் மூன்றாவது சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அப்பா கத்தியிருந்தால் சமாளித்திருப்போம். அவர் சிரித்தார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு வெள்ளைத்தாளில் பெரிய பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். 'இந்த வீட்டில் ஒரு மாதத்துக்கு டிவி, டேப், போன் எதுவும் கிடையாது.' எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. நாங்கள் குடியிருந்தது மராட்டி பேசும் ஊர், எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் கிடையாது. அதனால் எங்கள் தண்டனையை நாங்களே எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

டேப் பீரோவுக்குள் போனது. டிவி ரிமோட் அப்பாவின் பையில் ஏறி, கம்பெனி பஸ்ஸில் தினமும் பிம்ப்ரிக்கு வேலைக்குப் போய்வந்தது. போதாக்குறைக்கு மழைக்காலம். கீழே விளையாடும் இடமெல்லாம் சேறு. மூன்றாம் நாள் சாயங்காலம், செய்வதற்கு ஒன்றுமில்லாமல், சமையலறைக்குப் பின்னால் துணி காயும் பால்கனியில் போய் நின்றோம்.

நாங்கள் குடியிருந்த சாங்வியில் எங்கள் கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவே ஒரு குறுகலான சந்துதான். எதிர்வீட்டு ஜன்னலுக்குள் ஒரு பெண்மணி தையல் மெஷினில் சேலைகளுக்கு ஃபால் தைத்துக்கொண்டிருப்பார். அங்கே பிள்ளைகள் அத்தை வயதுப் பெண்களைக் காகு என்று கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படித்தான். அந்தக் காகுவுக்கு எதிரில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அதில் முக்கால்வாசி, சாய்வாகத் தெரிந்தது. சத்தம் துளியும் கேட்கவில்லை.

"அக்கா, பார்க்கலாமா?"

"பேப்பர்ல எழுதியிருக்கே."

தம்பி ஃபிரிட்ஜ் வரைக்கும் போய் எழுத்துக் கூட்டிவிட்டு வந்தான். "'இந்த வீட்டில்'னுதான் அக்கா இருக்கு. அது அந்த வீடு."

அவன் பிற்காலத்தில் சட்டம் படிப்பான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அது ஒரு மராட்டி சீரியல். பெரிய மூக்குத்தி போட்ட மாமியார், எப்போதும் அழுகிற மருமகள், மீசைக்கார மாமனார். சத்தம் இல்லாததால் வசனத்தை நாங்களே பேசினோம். மாமியாருக்கு நான், மீசைக்காரருக்குத் தம்பி. மருமகள் யாருக்கு நேரமிருக்கிறதோ அவர்களுக்கு. எங்கள் கதையில் மாமியார் மருமகளின் டேபை ஒளித்து வைத்துவிட்டாள். அதனால்தான் அவள் அழுகிறாள். மீசைக்காரர் எந்நேரமும் எங்கள் அப்பாவைப் போல, "டார்கெட் இன்னும் முடியல" என்று கவலைப்பட்டார். அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரம் தினமும் ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டில் பீன்ஸாக இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஒருநாள் சீரியலில் ஒருத்தி, படியில் நின்ற மருமகளைத் தள்ளிவிடப் பின்னாலிருந்து பதுங்கி வந்தாள். தம்பியால் தாங்க முடியவில்லை. "பின்னாடி பாரு! பின்னாடி பாரு!" என்று அலறினான்.

மருமகள் பார்க்கவில்லை. காகு பார்த்தார்.

நாங்கள் காயப்போட்ட பெட்ஷீட்டுக்குப் பின்னால் பாய்ந்தோம். கொடி அறுந்து எல்லாத் துணியும் எங்கள் மேல் விழுந்தது. மறுநாள் காலையில் கீழே காய்வண்டிப் பக்கம் அம்மாவும் காகுவும் பேசிக்கொண்டிருந்தார்கள். காகு எங்கள் பால்கனியை நோக்கிக் கையை நீட்டினார். இன்னொரு மாதம் என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். மேலே வந்த அம்மா, "கொடிய நல்லா இறுக்கிக் கட்டோணும் கண்ணு" என்றதோடு சரி.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு டிவி நேராக எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திரைச்சீலையும் ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. எங்கள் அதிர்ஷ்டத்தை எங்களாலேயே நம்ப முடியவில்லை.

மூன்றாவது வாரம் அப்பா ஒருநாள் சீக்கிரமே வந்துவிட்டார். துண்டு எடுக்கப் பால்கனிக்கு வந்தவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றது எங்களுக்குத் தெரியாது. தம்பி அவருடைய குரலிலேயே டார்கெட் பற்றிப் புலம்பி முடித்திருந்தான். மீசைக்காரர் மறுபடி வாயைத் திறந்தார். தம்பி வசனத்துக்குத் தவித்தான். அப்போது பின்னாலிருந்து, உதட்டசைவுக்குக் கச்சிதமாக ஒரு கனத்த குரல் எழுந்தது.

"வேலைக்குப் போயி வந்த மனுசனுக்கு ஒரு டீ குடுக்க இந்த வீட்ல ஆளில்லையா?"

எங்களுக்கு உயிர் போய்விட்டது. திரையில் மாமியார் சீறிக்கொண்டு திரும்பினாள். என் வாயிலிருந்து சொல் வரவில்லை. சமையலறைக்குள்ளிருந்து வந்தது.

"மொதல்ல மருமவளோட டேபைக் குடுங்க. அப்பறம் டீ குடிக்கலாமுங்!"

அம்மாவுக்கு எங்கள் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. முதலில் சிரித்தது அப்பாதான். அப்புறம் யார் முதலில் நிறுத்தினோம் என்று நினைவில்லை. அன்றிலிருந்து அவர் முந்தைய பஸ்ஸைப் பிடித்து வரத் தொடங்கினார். மீசைக்காரர் அவருக்கே நிரந்தரமானார். மாமியாரை என்னிடமிருந்து அம்மா பறித்துக்கொண்டார்.

மாதம் முடிந்தது. தினமும் அரைமணி நேரம் என்ற கட்டுப்பாட்டோடு டேப் திரும்பி வந்தது. நாங்கள் பால்கனியை அடியோடு மறந்தோம். இரண்டு வாரம் கழித்துத் துணி எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். டிவி இன்னும் எங்கள் பக்கமே திரும்பியிருந்தது. காகு மெஷினில் உட்கார்ந்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு அதைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் காகுவுக்கு டிவியை எப்படி வைக்கறதுன்னே தெரியலம்மா" என்றேன்.

 அம்மா ஒரு டப்பாவில் சூடாகப் பணியாரம் போட்டுக் கொடுத்தார். "காகுகிட்ட குடுத்துட்டு, டிவியத் திருப்பி வெச்சுக்கச் சொல்லு சாமி."

நான் போய், டிவி எப்போதும் பார்ப்பவருக்கு நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து வலிக்கும் என்று இந்தியில் காகுவுக்குப் பொறுமையாக விளக்கினேன். "அச்சா, ஐசா க்யா?" என்று, அப்படியா என்பதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் உங்கள் சத்தத்தையே காணோமே என்றார். டேப் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னேன். இருவருமாக டிவியைத் திருப்பினோம். பாதி திரும்பியதும் அவர் எங்கள் பால்கனியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து, போதும், இப்படியே இருக்கட்டும் என்றார்.

இவ்வளவு சொல்லியும் இவருக்குப் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே, என் அரைமணி நேரம் வீணாகிறதென்று, படிகளில் குதித்திறங்கி ஓடினேன்.