குடத்தோடு பஸ் ஏறினேன்

கல்லாறு பக்கம் புது ரோடு வரப்போற இடத்துல பழங்காலத்துப் புதைகுழிகளைத் தோண்டிட்டிருக்கோம். நாளன்னிக்கு ரோலர் வந்திரும். ஜீப் வேற ரிப்பேர். இன்னைக்குக் கிடைச்ச சின்ன மண்குடத்தைத் துண்டுல சுத்தி, ஆபீசுல சேர்க்க நானே திருவனந்தபுரம் பஸ்ல ஏறிட்டேன்.

கண்டக்டர் மலையாளத்துல கேட்டாரு, "சாரே, குடத்துல எந்தா?"

"எலும்பு"ன்னு உண்மையைச் சொல்லித் தொலைச்சேன்.

உடனே பெல்லை இழுத்து பஸ்ஸை நிறுத்திட்டாரு. "பஸ்ஸில சவம் ஏத்தப் பற்றில்ல, கூடாது. இறங்கணும்."

"செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அங்கேயே விட்டிருந்தா ரோலருக்கு அடியில போயிருக்கும். நான் இறங்க மாட்டேன்"னு கம்பியைப் பிடிச்சு நின்னுட்டேன்.

முன்சீட்டுல போனக்காடு எஸ்டேட் அக்கா ஒருத்தி திரும்பிப் பார்த்தா. "உங்க சொந்தமாண்ணே?"

"தெரியாதுக்கா. கேட்க நாதியில்ல, நான் கொண்டு போறேன்."

அக்கா எழுந்துட்டா. "சாவு விழுந்திருக்கு, துட்டி வீட்டுக்காரருக்கு இடம் விடுங்க!"

பஸ்ஸுல எல்லாரும் ஒதுங்கினாங்க. கண்டக்டர் டபுள் பெல் கொடுத்தாரு. மறுக்காம உட்கார்ந்து, குடத்தை மடியில வச்சுக்கிட்டேன்.

நான் இறங்கும்போது அக்கா கேட்டா, "பதினாறாம் நாள் காரியம் என்னைக்கு?"

"நாளைக்குச் சொல்றேன்க்கா"ன்னு குடத்தோட இறங்கிட்டேன்.

இன்னும் ரெண்டு குடம் மண்ணுக்குள்ள இருக்கு. நாளைக்கும் இதே பஸ்லதான் வருவேன். அதுக்குள்ள யாராவது நாள் பார்த்துச் சொல்லுங்க.