படகுக்கு முன்னால் நட்ட ஓலை

மலேகுலாத் தீவில் கரையோரமாக விருந்தாளிகளைப் படகில் சுற்றிக்காட்டுவதுதான் லெய்நாசேயின் பிழைப்பு. அன்று வந்த வெள்ளைக்காரன், அவள் தொடாதே என்று கத்தக் கத்த, பவளப்பாறையில் நட்டிருந்த நமேலே ஓலையைப் பிடுங்கிப் படம் பிடித்துக்கொண்டான். அந்த ஓலை நிற்கும்வரை அங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது. மீன் பிடித்தாலும் ஓலையைப் பிடுங்கினாலும் தண்டம் ஒரு பன்றி.

கரைக்குத் திரும்பி அவள் முறையிட்டதும் ஊர்த்தலைவர் சிரித்தார். "விருந்தாளிம்மா, தெரியாம செஞ்சுட்டான். விட்டுரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வருஷம் என் தம்பி பசிக்கு ஒரே ஒரு மீன் புடிச்சான். பன்னியை இழுத்துட்டுப் போனீங்களே, அப்ப எங்க போச்சு இந்தச் சிரிப்பு?"

"அவன் நம்மாளு. இவனும் அவனும் ஒண்ணா?"

அவள் வெள்ளைக்காரன் கையிலிருந்த ஓலையை வெடுக்கென்று பறித்து, தன் படகுக்கு முன்னாலேயே மணலில் நட்டாள். தன் பொருளுக்குத் தடை போட அங்கே எவருக்கும் உரிமை உண்டு. இனி தலைவரே நினைத்தாலும் படகைத் தொட முடியாது.

"ஐயோ, வேற படகும் இல்லையே, இவன் எப்படித் திரும்பிப் போவான்?" என்று தலைவர் பதறினார்.

"விருந்தாளிதானே தலைவரே? பன்னி வர்ற வரைக்கும் உங்க வீட்டுலயே வச்சுக் கிழங்கு அவிச்சுப் போடுங்க."