மூழ்கிய கப்பலுக்கு நான் சொன்ன நாள்

கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்று, பாறசாலையில் இருந்தபோது எங்கள் திருச்சபை மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். கரி எரித்து ஓடிய அந்தக் காலத்துப் பயணிகள் கப்பல் ஒன்று, பம்பாயிலிருந்து தெற்கே வரும் வழியில் காணாமல் போன கதை அது. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. மேல்வகுப்பில் வந்தவர்களின் பெயர்கள் பழைய பத்திரிகையில் இருந்தன. தளத்தில் பாய் விரித்து வந்தவர்களின் பெயர்கள் இல்லை.

எங்கள் தெருவுக்குப் பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் வயதான அம்மாவின் தாத்தா, அப்படிப் பாய் விரித்து வந்தவர்களில் ஒருவர். என் மனைவி கட்டுரையை அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் மீன்கூடையை இறக்கும் முன்பே கேட்டார்.

"சாறே, கப்பலு முங்கினது எந்த நாளு? பாட்டாவுக்கு இதுவரை ஒரு பூசை வைக்கல்ல."

"மரிச்ச எல்லா ஆத்துமாக்களுக்கும்னு ஒரு நாளு உண்டுல்லா?" என்றேன்.

"அது எல்லாருக்கும் உள்ளது. செத்த நாளு அவருக்கு மட்டும் உள்ளதாக்கும்."

நான் படித்த எதிலும் நாள் இல்லை. வருடம் மட்டுமே இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கட்டுரை அச்சில் வந்திருந்த மிதப்பில் சொல்ல மனம் வரவில்லை. வாயில் வந்த ஒரு தேதியைச் சொன்னேன். அது என் கல்யாண நாள்.

எட்டு வருடங்கள் அந்த நாளில் அவர் மாதா கோவிலில் பூசை வைத்து, மெழுகுதிரி ஏற்றினார். அன்று தெருவுக்கு மீன் வராது. நாங்கள் வீட்டில் பாயசம் குடிப்போம்.

மனைவி போன பிறகு வந்த முதல் கல்யாண நாளில் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் பிடித்துப் பொழியூர் போனேன். அவர் வெள்ளைச் சேலை உடுத்து, கோவிலுக்குப் புறப்பட்டு நின்றார். முற்றத்தில் வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.



"அப்போ இத்தனை வருசம் ஒங்க கல்யாணத்துக்காக்கும் நான் மெழுகுதிரி கத்திச்சது," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டார்: "இனி எந்த நாளு, சாறே?"

"நாளு எதிலயும் இல்ல, வருசம் மட்டும்தான் உண்டு" என்றேன்.

மருமகள் வந்து, "பூசைக்கு நேரமாச்சு, வாங்க மாமி" என்று கூப்பிட்டாள். "நீ போ மக்கா, நான் வரல்ல" என்றார். கையிலிருந்த மெழுகுதிரிக் கட்டை அவளிடம் கொடுக்கவும் இல்லை.

நான் திரும்பும்போது என் நெஞ்சு லேசாக இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பின் இரண்டு வருடங்கள் அவர் உயிரோடு இருந்தார். தாத்தாவுக்குப் பூசை வைக்கவில்லை.